அமெரிக்கக் கவுண்டிகளில் விவசாய மானியம்: பணம் பயிர் செய்கிறவருக்கா, பழைய பதிவுக்கா?

மேட்டுக்காட்டுப் பருத்தி (லபக், டெக்சஸ்) எழுதியது:

நம் குழுக்களில் அடிக்கடி ஒரு பட்டியல் சுற்றுகிறது. அமெரிக்காவில் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) யார் எத்தனை டாலர் விவசாய மானியம் வாங்கினார் என்று 1995 முதல் தொகுத்து, என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு வெளியிடும் பட்டியல். அதன் முதல் பத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் "பணக்காரர்களுக்கு வாரி இறைக்கிறார்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "அங்கே விவசாயியை எப்படித் தாங்குகிறார்கள் பாருங்கள்" என்கிறார்கள். மேற்கு டெக்சஸில் பருத்திக்காடுகளுக்கு நடுவில் வேலை செய்கிறேன். இங்கே பார்த்தவரையில் இரண்டு பேச்சிலும் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. அதைப் பேசத்தான் இந்த இழை.

விட்டுப்போவது பேஸ் ஏக்கர். மத்திய அரசின் முக்கியமான பயிர் மானியங்கள் இன்று நிலத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர், எத்தனை ஏக்கர் போட்டார்கள் என்ற கணக்கு, வேளாண் துறையின் கவுண்டி அலுவலகத்தில் பதிவாக இருக்கும். எஃப்.எஸ்.ஏ. ஆபீஸ் என்பார்கள். அந்தப் பதிவில் இருப்பதுதான் பேஸ். நிலத்தை விற்றால் பேஸும் நிலத்தோடு போகும். பருத்தி பேஸ் உள்ள நிலத்தில் இந்த ஆண்டு சோளம் போட்டாலும் பருத்தி விலை விழுந்ததற்கான பணம் வரும். பேஸ் இல்லாத நிலத்தில் பருத்தியே போட்டு நஷ்டப்பட்டாலும் இந்தத் திட்டத்தில் ஒரு காசு வராது.

கணக்கு இப்படி. பருத்திக்கு, அதாவது விதை நீக்காத பருத்திக்கு, ஒரு பவுண்டுக்கு 36.7 சென்ட் என்று இருந்த குறிப்பு விலையை 2025 ஜூலையில் வந்த சட்டம் 42 சென்ட்டாக உயர்த்தியது. ஆண்டுச் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். இதுதான் பி.எல்.சி. ஒருவரிடம் 200 ஏக்கர் பேஸ், பதிவில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 1,200 பவுண்டு, சந்தைச் சராசரி 36 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் கணக்கு, ஆக 170 ஏக்கர். 170 × 1,200 × 6 சென்ட் = 12,240 டாலர். பட்ஜெட் வெட்டு என்று அதில் 5.7 சதவீதம் போய், கைக்கு 11,500 டாலர் போல வரும். அதுவும் அறுவடை முடிந்த உடனே இல்லை, அடுத்த ஆண்டு அக்டோபரில்.

இந்தக் கணக்கில் அவர் இந்த ஆண்டு என்ன பயிர் போட்டார், எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கடன் என்று எதுவுமே வரவில்லை, கவனியுங்கள்.

---

பெரம்பலூர் கரிசல் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி அண்ணா. எங்களுக்கும் பருத்தியும் மக்காச்சோளமும்தான். பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. பருத்திக்கு 2025-26 ஆதரவு விலை நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710, நீள இழைக்கு 8,110 என்று அறிவித்தார்கள். களத்துக்கு வருகிற வியாபாரி அந்த விலையைப் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை.

நீங்கள் சொல்லும் குறிப்பு விலையும் எங்கள் ஆதரவு விலையும் ஒன்றா? அங்கே அரசு பருத்தியை வாங்கிக்கொள்கிறதா?

---

மேட்டுக்காட்டுப் பருத்தி எழுதியது:

இல்லை தம்பி, முக்கியமான வித்தியாசமே அதுதான். உங்கள் ஆதரவு விலை வேலை செய்ய வேண்டுமென்றால் இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் மையம் திறந்து, பருத்தியைக் கையில் வாங்கிப் பணம் தர வேண்டும். இங்கே அரசு ஒரு மூட்டை கூட வாங்க வேண்டாம். விவசாயி கிடைத்த விலைக்கு விற்பார், குறைந்ததை அரசு பின்னால் ஈடுகட்டும்.

விவசாயிக்கு இது வசதிதான். ஆனால் விலை விழுந்தாலும் சந்தைக்கு வரும் பருத்தி அந்த அளவுக்குக் குறையாது. உங்கள் ஊரில் விலை விழுந்தால் அடுத்த ஆண்டு மக்காச்சோளத்துக்கு மாறிவிடுவீர்கள். இங்கே அந்த அழுத்தம் அவ்வளவு இல்லை.

---

திருப்பூர் நூல் எழுதியது:

அதனால்தான் பிரேசில் வழக்குப் போட்டது. உலக வர்த்தக அமைப்பில் 2002-இல் தொடங்கி, 2004, 2005 இரண்டு தீர்ப்பிலும் அமெரிக்கா தோற்றது. தோற்றும் திட்டங்களைப் பெரிதாக மாற்றவில்லை. 2009-இல் பிரேசில் ஆண்டுக்குச் சுமார் 829 மில்லியன் டாலர் வரை பதிலடி கொடுக்கலாம் என்று நடுவர்கள் அனுமதித்தார்கள். மருந்துக் காப்புரிமையிலும் கை வைப்போம் என்று பிரேசில் சொன்ன பிறகுதான் 2010-இல் அமெரிக்கா பேச்சுக்கு வந்தது. எதற்கு ஒப்புக்கொண்டது தெரியுமா? தன் மானியத்தை நிறுத்துவதற்கு இல்லை. பிரேசில் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 147.3 மில்லியன் டாலர் கொடுக்க. 2014-இல் இன்னும் 300 மில்லியன் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

அதாவது தன் பருத்திக்காரர்களுக்குக் கொடுப்பதை விட முடியாமல், போட்டிக்காரரின் பருத்திக்காரர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது அமெரிக்கக் கருவூலம். 2023-24 பருவத்தில் ஏற்றுமதியில் பிரேசில் அமெரிக்காவையே தாண்டிவிட்டது.

பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு ஆப்பிரிக்க நாடுகள் 2003 முதல் இதே குறையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பதிலடி கொடுக்கும் பலம் அவர்களிடம் இல்லை. எனக்கு இதில் மிகவும் மனம் வருந்துவது அதுதான்.

நம் பக்கத்துக்கும் இது வருகிறது. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை பருத்திக்கான 11 சதவீத இறக்குமதி வரியை இந்தியா நீக்கியிருந்தது. அமெரிக்கப் பஞ்சில் குப்பையும் சாக்கு நூலும் கலப்பது குறைவு, மில்காரர்களுக்குப் பிடிக்கும். அப்போதுதான் அமெரிக்கா நம் சரக்குக்குப் போட்ட 50 சதவீதச் சுங்கத்தில் எங்கள் ஊர் ஆர்டர்கள் ஆடிக்கொண்டிருந்தன, வரிநீக்கம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த விவசாயிக்கு அது அடி என்பதை நான் மறுக்க மாட்டேன்.

---

ஏம்ஸ் மக்காச்சோளம் (அயோவா) எழுதியது:

பி.எல்.சி. பற்றிச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு பாதி ஏ.ஆர்.சி. எங்கள் அயோவாவில் அதுதான் பெரிய பேச்சு. கவுண்டி என்ற எல்லைக்கோடு எவ்வளவு முக்கியம் என்பது இதில்தான் தெரியும்.

கவுண்டியின் சராசரி விளைச்சலையும் நாட்டுச் சராசரி விலையையும் பெருக்கி ஒரு வருமானக் கணக்கு போடுகிறார்கள். ஐந்தாண்டு விளைச்சலிலும் விலையிலும் தனித்தனியே மிக அதிகம், மிகக் குறைவு இரண்டையும் தள்ளிவிட்டு, மிச்ச மூன்றின் சராசரிகளைப் பெருக்கினால் வருவதுதான் அளவுகோல். அதில் 86 சதவீதத்துக்குக் கீழே கவுண்டி வருமானம் இறங்கினால் பணம். 2025 பயிரிலிருந்து அதை 90 சதவீதமாக்கிவிட்டார்கள். உச்சவரம்பும் அளவுகோலில் 10 சதவீதம் என்பதிலிருந்து 12 ஆகிவிட்டது.

இதில் உங்கள் வயல் எங்கேயும் வராது. உங்கள் காட்டில் மட்டும் ஆலங்கட்டி மழை பெய்து எல்லாம் போனாலும் கவுண்டி நன்றாக விளைந்திருந்தால் ஏ.ஆர்.சி. கிடையாது. உங்களுக்கு அமோக விளைச்சல், கவுண்டி காய்ந்தது என்றால் பணம் உண்டு.

2014 சட்டம் வந்த முதல் சில ஆண்டுகளில் இதனால் பெரிய மனக்கசப்பு. ஒரே சாலை, இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் வேறு கவுண்டி. ஒரு பக்கத்துக்குப் பணம், மறுபக்கத்துக்கு இல்லை. அப்போது விளைச்சல் கணக்கை முதன்மையாக விவசாயிகளிடம் கேட்டு எடுக்கும் சர்வேயிலிருந்து எடுத்தார்கள். போதுமான பேர் பதில் தராத கவுண்டிகளுக்கு வேறு வழியில் எண் வந்தது. 2018 சட்டம் பயிர்க் காப்பீட்டுப் பதிவுகளை முதல் ஆதாரமாக்கியது. நிலம் உண்மையில் எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அதன் கணக்குத்தான் என்றும் மாற்றியது. அதற்கு முன்பு, எந்தக் கவுண்டி அலுவலகத்தில் கோப்பு இருக்கிறதோ அதன் எண்!

விவசாயிகளிடம் பேசும்போது இப்படித் தெரியாமல் நடந்த அநியாயங்களைத்தான் அதிகம் கேட்கிறேன். தொகை பெரிதா சிறிதா என்பது அப்புறம்தான்.

---

பெரம்பலூர் கரிசல் எழுதியது:

இது அப்படியே எங்கள் பயிர்க் காப்பீடு. எங்களுக்கும் வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டம் அளவில்தான். நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து, சோதனையில் என்ன எடை வந்ததோ அதுதான் எல்லாருக்கும். பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் ஏறும், எங்களுக்கு ஏறாது. வரப்பு ஒன்றுதான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு சந்தேகம். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்தான் உச்சவரம்பு என்று படித்தேன். அப்படியானால் பட்டியலில் சில பண்ணைகளின் பெயருக்கு நேரே பத்து லட்சம், இருபது லட்சம் என்று எப்படி வருகிறது?

---

மேட்டுக்காட்டுப் பருத்தி எழுதியது:

நல்ல கேள்வி. வரம்பு ஆளுக்குத்தான், பண்ணைக்கு இல்லை. ஒரு பண்ணை பொதுக் கூட்டாண்மையாக இருந்தால் கூட்டாளி ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு. விவசாயத்தில் "முனைப்பாக ஈடுபட்டவர்" என்று காட்ட வேண்டும். ஆனால் நிர்வாகத்தில் பங்கெடுத்தேன் என்பதே போதும், டிராக்டரில் ஏற வேண்டியதில்லை. 2018 சட்டம் குடும்பம் என்பதற்குள் அண்ணன் தம்பி பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், மருமக்கள் வரை சேர்த்துக்கொண்டது. 2025 சட்டம் வரம்பை 1,55,000 ஆக்கி, இனி விலைவாசியோடு ஏறும் என்றும் வைத்துவிட்டது. எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) போன்ற அமைப்புகளுக்கும் கூட்டாண்மை மாதிரியே ஆளுக்கொரு வரம்பு என்று திறந்துவிட்டது. நிலக்கடலைக்குத் தனி வரம்பு. ஒரே ஆள் பருத்திக்கும் கடலைக்கும் இரண்டையும் பயன்படுத்தலாம். எங்களுக்குத் தெற்கே கெய்ன்ஸ் கவுண்டியில் இரண்டுமே விளைகிறது.

இவை எல்லாம் சட்டப்படியே நடப்பவை, யாரும் திருடவில்லை. பட்டியலில் பெயர் வந்தவரைத் திட்டுவது எனக்குச் சரியாகப் படாததற்குக் காரணம் அதுதான். கேள்வி கேட்க வேண்டியது சட்டம் எழுதினவர்களை.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் பயிர்க் காப்பீட்டு மானியம் பெயர்வாரியாக இருக்காது, சட்டம் அதை வெளியிட விடாது. காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாகச் சுமார் 62 சதவீதத்தை அரசு கட்டுகிறது, அதற்கு உச்சவரம்பே கிடையாது. ஆக, பட்டியலை வைத்து "இவர்தான் அதிகம் வாங்கினவர்" என்று சொல்லவே முடியாது.

---

திராட்சைத் தோட்டம் (ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா) எழுதியது:

எங்கள் கவுண்டி நாட்டிலேயே அதிக மதிப்புக்கு விளைவிக்கும் கவுண்டிகளில் ஒன்று. பாதாம், திராட்சை, பிஸ்தா, தக்காளி. இவை எதற்கும் பேஸ் ஏக்கர் கிடையாது, ஏ.ஆர்.சி. கிடையாது, பி.எல்.சி. கிடையாது. சோளம், சோயா, கோதுமை, நெல், பருத்தி, கடலை மாதிரி சில பயிர்களைச் சுற்றித்தான் அந்தச் சட்டம் கட்டப்பட்டிருக்கிறது.

2018-இல் சீனாவோடு வர்த்தகப் போர் வந்தபோது கொடுத்த நிவாரணத்தில் பாதாமுக்குப் பவுண்டுக்கு 3 சென்ட் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பஞ்சாபி விவசாயிகள் பாதாமும் உலர்திராட்சையும் பெரிய அளவில் செய்கிறவர்கள், விண்ணப்பம் போட்டு வாங்கினார்கள். ஆனால் அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து எலுமிச்சைப்புல்லும் கத்திரியும் கொத்தவரையும் போடும் மோங் மக்களைப் பாருங்கள். லாவோஸிலிருந்து அகதியாக வந்தவர்கள். பலருக்குக் கவுண்டி அலுவலகத்தில் பண்ணை எண்ணே இல்லை. எண் இல்லாதவருக்கு வறட்சி நிவாரணமும் இல்லை, கொரோனா நிவாரணமும் இல்லை. வாரச்சந்தையில் அவர்களிடம் காய் வாங்கும்போது இந்தப் பேச்சு வரும். "படிவம் தமிழில் இருந்தாலே நம் ஆட்களுக்குக் கஷ்டம், இவர்கள் இங்கிலீஷில் என்ன செய்வார்கள்" என்றுதான் நினைத்துக்கொள்வேன். மொழி தெரிந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மட்டும் எப்படியோ பதிவு செய்துவிடுகிறார்கள்.

---

ஏம்ஸ் மக்காச்சோளம் எழுதியது:

அக்கா சொன்ன வர்த்தகப் போர் நிவாரணத்தில் 2019 சுற்று இன்னும் விசித்திரம். அந்த ஆண்டு பயிர்வாரியாக இல்லாமல், கவுண்டிக்கு ஒரே விகிதம் என்று நிர்ணயித்தார்கள். ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. தெற்குக் கவுண்டிகளுக்கு மேலே, எங்கள் பக்கம் பல இடங்களில் அதில் பாதி கூட இல்லை. இரண்டு ஆண்டும் சேர்த்து 2,300 கோடி டாலர் போல வழங்கினார்கள்.

ஆனால் ஒரு நல்ல விஷயமும் உண்டு. இந்த மாதிரி அவசர உதவிகள் பேஸுக்கு இல்லை, நிஜமாக விதைத்த ஏக்கருக்கு. 2025 டிசம்பரில் அறிவித்த 1,200 கோடி டாலர் உதவியும் அப்படித்தான்.

---

ஆற்றங்கரை (ஜாக்சன், மிசிசிப்பி) எழுதியது:

பதிவு யார் கையில் இருந்தது என்று பேசாமல் இந்தக் கதை முழுமை ஆகாது. கவுண்டி அலுவலகத்துக்கு மேலே உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்று உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் மிசிசிப்பி டெல்டாவிலும் அலபாமாவிலும் பல பத்தாண்டுகள் அந்தக் கமிட்டிகளில் வெள்ளை நிலக்காரர்கள்தான். கறுப்பின விவசாயிக்குக் கடன் தாமதமாக வரும், அல்லது விதைப்பு முடிந்த பிறகு வரும், அல்லது வரவே வராது. கடன் இல்லாமல் பயிர் இல்லை. பயிர் இல்லாமல் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் மானியம் இல்லை. கடைசியில் நிலம் ஏலத்துக்கு வந்தது.

1920-இல் சுமார் 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று அமெரிக்க விவசாயிகளில் இரண்டு சதவீதம் கூட இல்லை. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணம்.

இந்தப் பாகுபாட்டுக்கு எதிராகக் கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மீது போட்ட பிக்ஃபோர்டு வழக்கில் 1999-இல் சமரசம் வந்து சுமார் நூறு கோடி டாலர் வழங்கினார்கள். காலக்கெடு தெரியாமல் விட்டுப்போனவர்களுக்காக 2010-இல் இன்னொரு 125 கோடி ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் வேளாண் துறைக் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளான 43,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 200 கோடி டாலர் கொடுத்தார்கள். அதிகம் பேர் மிசிசிப்பி, அலபாமாவில். எங்கள் பக்கத்தில் காசோலை வாங்கினவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். அந்தப் பணத்தால் போன நிலம் திரும்ப வராது. அந்த நிலத்தின் பேஸ் ஏக்கர் இன்று வாங்கினவர் பெயரில் பணம் ஈட்டிக்கொண்டிருக்கிறது.

---

மேட்டுக்காட்டுப் பருத்தி எழுதியது:

ஆற்றங்கரை எழுதினதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் பேஸைப் பழைய பதிவு என்று மட்டும் சொன்னேன், பதிவு எப்படி உருவானது என்பதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்கிறேன். 2022-இல் கடும் வறட்சி. டெக்சஸில் விதைத்த பருத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அறுவடைக்கே வரவில்லை. மானாவாரிக் காடுகள் அப்படியே மணலாகக் கிடந்தன. காப்பீடு எடுத்த விவசாயிக்கு இழப்பீடு வந்தது. அது இல்லையென்றால் பாதிப் பேர் விவசாயத்தை விட்டிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலைக்கு என்ன வந்தது? பருத்தி வந்தால்தான் ஆலைக்கு வேலை. பருவ வேலைக்கு வருகிறவர்கள், கட்டுப்பஞ்சு ஏற்றும் லாரிக்காரர்கள், கிடங்கு ஆட்கள், விதை எண்ணெய் ஆலை, யாருக்கும் காப்பீடு இல்லை. கவுண்டிக்கு இத்தனை கோடி வந்தது என்று பட்டியல் சொல்லும். அதே கவுண்டியில் அந்தக் குளிர்காலம் முழுக்க வேலையில்லாமல் இருந்தவர்களை அது சொல்லாது.

இதை உணர்ந்து எழுதின விதி ஒன்று இருக்கிறது. அரிப்பு வரும் நிலத்தைப் பயிரிடாமல் பத்து, பதினைந்து ஆண்டு புல்லாக விட்டால் வாடகை தரும் சி.ஆர்.பி. திட்டம் 1985-இல் வந்தது. ஒரு கவுண்டியின் பயிர்நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அதில் சேர்க்கக் கூடாது என்று பொதுவான வரம்பு. நிலம் எல்லாம் புல்லாகப் போனால் உரக்கடை, டிராக்டர் கடை, ஆலை எல்லாம் மூடிவிடும், ஊரே போய்விடும் என்பதால். மானியச் சட்டத்தில் ஊரை நினைத்து எழுதின வரி என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். எல்லாத் திட்டத்திலும் இந்த யோசனை இருந்திருக்க வேண்டும்.

கீழே ஒகல்லாலா நிலத்தடி நீரும் இறங்கிக்கொண்டே போகிறது. தண்ணீர் வற்றி இறைவைக்காடு மானாவாரி ஆனாலும், பதிவில் உள்ள விளைச்சல் பழைய இறைவை விளைச்சலாகவே இருக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் நிலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமலே வாங்கலாமா?

---

மேட்டுக்காட்டுப் பருத்தி எழுதியது:

முன்பு கிட்டத்தட்ட அப்படித்தான். 1996 சட்டத்துக்குப் பிறகு விலை என்னவாக இருந்தாலும் பேஸுக்கு நேரடிப் பணம் வந்தது. 2000 முதல் 2006-க்குள் விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போனதாக வாஷிங்டன் போஸ்ட் 2006-இல் எழுதியது. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே பழைய நெல் வயல்களில் வீடு கட்டிக் குடியேறினவர்களுக்குக்கூட நெல் பணம் வந்திருக்கிறது. 2014-இல் அந்த நேரடிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். 2009 முதல் 2017 வரை முழுக்கப் புல்லாகவோ தரிசாகவோ கிடந்த பண்ணையின் பேஸுக்கு ஏ.ஆர்.சி., பி.எல்.சி. கிடையாது என்று 2018-இல் விதி போட்டார்கள். பயிர் மாறினால் மட்டும் இன்னும் தடையில்லை.

---

பெரம்பலூர் கரிசல் எழுதியது:

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான் அண்ணா. நான் பயிர் செய்வதில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து கிடையாது. பட்டா வேறொருவர் பெயரில். வி.ஏ.ஓ. அடங்கல் கொடுத்தால்தான் காப்பீடு, நிலக்காரர் தலையசைத்தால்தான் அடங்கல். வெள்ள நிவாரணம் வந்தால் அவர் கணக்கில் ஏறும், மனசு இருந்தால் தருவார். பி.எம். கிசானும் நிலம் பெயரில் இருப்பவருக்குத்தான். அங்கே குத்தகைக்காரருக்கு எப்படி?

---

மேட்டுக்காட்டுப் பருத்தி எழுதியது:

இங்கே உங்களைவிட நிலைமை தேவலை, ஆனால் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பண்ணை நிலத்தில் பத்தில் நாலு பங்கு போலக் குத்தகைதான். ரொக்கக் குத்தகை என்றால் நிலக்காரருக்கு ஏ.ஆர்.சி., பி.எல்.சி. கிடையாது, முழுதும் பயிர் செய்கிறவருக்கு. வாரத்துக்கு (பங்குக் குத்தகைக்கு) விட்டிருந்தால் விளைச்சல் பங்கு எப்படியோ மானியமும் அப்படி. எங்கள் பக்கம் பருத்தியில் நிலக்காரருக்கு நாலில் ஒன்று என்பது பழைய வழக்கம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று கவுண்டி அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து காட்ட வேண்டும். ஆண்டுதோறும் விதைத்த ஏக்கரையும் குத்தகைக்காரரே போய்ப் பதிய வேண்டும், பருத்திக்கு இங்கே ஜூலை 15-க்குள். அந்த ஏக்கர் பதிவுக்கு நிலக்காரர் தலையசைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பேஸை மாற்றும் வாய்ப்பு சட்டத்தில் வரும்போது முடிவு நிலக்காரருடையது. அப்புறம், பேஸ் நன்றாக உள்ள நிலத்துக்குக் குத்தகையும் ஏறிவிடும். மானியத்தில் ஒரு பங்கு அப்படி டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் வாரிசுகளுக்குப் போகிறது. குறிப்பு விலையை 42 சென்ட் ஆக்கின செய்தி வந்ததுமே இங்கே சிலருக்குக் குத்தகை ஏற்றிக் கேட்டார்கள். அந்த உயர்வுக்கான முதல் பணம் வருவது 2026 அக்டோபரில். குத்தகையை அதற்கு முன்பே கட்டியாக வேண்டும்.

---

பெரம்பலூர் கரிசல் எழுதியது:

நிலக்காரர் கையெழுத்து இல்லாமலே குத்தகைக்காரர் பதியலாம் என்ற அந்த ஒரு விதி இங்கே வந்தால் போதும். எங்கள் ஒன்றியத்தில் அடுத்த குறைதீர் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அந்த ஏக்கர் பதிவுப் படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள் அண்ணா.

---

மேட்டுக்காட்டுப் பருத்தி எழுதியது:

எஃப்.எஸ்.ஏ. 578 என்பது அந்தப் படிவம். பண்ணை எண், நிலத்துண்டு எண், வயல் எண், பயிரும் ரகமும், விதைத்த தேதி, ஏக்கர், இறைவையா மானாவாரியா, எந்தப் பயன்பாட்டுக்கு, யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு. வான்படத்தில் வயலைக் கோடு போட்டுக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். மனுவில் பங்கு என்ற அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள், குத்தகைக்காரர் பெயர் வருவது அங்கேதான்.